நான் விட்டுவைத்த ‘பாக்கணும்’

இன்று ஷிப்ட் முடிந்து சேதராப்பட்டு கம்பெனி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்போனில் பார்த்தேன். நம் கணினி நிரலின் பொது இணையப் பக்கத்தில் எந்த நாட்டுக்காரரோ கேட்டிருந்தார்: ‘இந்த வரிக்குப் பக்கத்தில் பாக்கணும் என்றிருக்கிறதே, எந்த மொழி? எழுதியவர் இறந்துவிட்டாராம். அர்த்தம் தெரிந்தவர் உண்டா?’

எழுதியவள் இறக்கவில்லை. இறந்தது நீ.

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போது நீயும் நானும் பாகூரில் சேர்ந்து பஸ் ஏறுவோம். வழியெல்லாம் நாம் எழுதிக்கொண்டிருந்த அந்த மென்பொருள் பேச்சுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். புதிதாக ஒரு துகள் உண்டு என்று யாராவது கோட்பாடு கொண்டுவந்தால், அது இருந்தால் துகள் மோதல்கள் எப்படி இருக்கும் என்று கணினியில் உண்டாக்கி, ஆய்வுக்கூடம் சலித்த மாதிரியே சலித்து, உண்மைத் தரவோடு ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் அந்தக் கோட்பாடு தள்ளுபடி.

“இன்னாடி, இந்த மாப்பிள்ளையும் ஊத்திக்கினாரா?” என்பாய்.

“ஜாதகம்லாம் நல்லாத்தான்டி இருந்துச்சி. நேர்ல பாத்தா ஆளே இல்ல.”

சலிக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. “நீ எழுதுடி, நான் பேசிக்கிறேன்” என்றாய். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. ஒரே எலெக்ட்ரானை, ஜெட் என்கிற துகள் கொத்தாகவும் நிரல் இன்னொரு முறை எண்ணிவிடும். அந்த இரட்டை எண்ணிக்கையை நீக்க வேண்டும். அந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ‘பாக்கணும்’ என்று குறித்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் சில நாள் லேப் பக்கம் வராமல் இருந்தேன். திரும்பி வந்தபோது நிரல் பொதுவில் ஏறியிருந்தது. உன் பெயர் மட்டும்.

லேப் வாசலில் கேட்டேன். “ஏன்டி இப்டிப் பண்ண?”

“ஏத்தறதுக்குக் கடைசி நாள்டி. அடுத்த தபா உன் பேரயும் சேத்துடறேன். இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு…”

அடுத்த தபா வரவில்லை. அதைக் காட்டி உனக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. நான் இங்கே தரச் சோதனைக்குச் சேர்ந்தேன். பிறகு அங்கேயே ஏதோ காய்ச்சலில் போய்விட்டாய். மணப்பட்டுக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனுக்கும் அவதான எல்லாம் சொல்லிக் குடுத்தா, பாப்பா” என்று அழுதார். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

பெயரை எடுத்துக்கொண்டதைக்கூட விழுங்கிவிட்டேன். ‘பாக்கணும்’ உனக்குமா புரியாத சொல்? படித்தாய், பார்க்காமலே ஏற்றினாய். அந்த இரட்டை எண்ணிக்கையால், தப்பிக்க வேண்டிய கோட்பாடு ஒன்றை நம் நிரல் தள்ளுபடி செய்திருக்கிறது. யாரோ ஒருவரின் பல வருஷத்து உழைப்பு அது.

வீட்டுக்கு வந்ததும் பதில் எழுதினேன். ‘இது தமிழ். சரிபார்க்க வேண்டும் என்று அர்த்தம். எழுதியது நான்.’ திருத்திய வரிகளையும் என் பெயர் போட்டு அனுப்பினேன். உன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாக நினைக்காதே. பார்க்காமல் ஏற்றியது நீதான்; அது உன் பெயரிலேயே இருக்கட்டும்.

சண்டை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. மிஷின் சத்தத்தில், பஸ் கூட்டத்தில், ‘கேட்டிருந்தா பேர நானே குடுத்திருப்பேனேடி’ என்று மனசுக்குள் உன்னிடம் கத்துகிறேன். எதிர்த்துப் பேச நீ இல்லாததால் ஒவ்வொரு முறையும் நானே ஜெயிக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.