வேலையே இல்லாத வீடு

இன்று காலை கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்படும்போது மகள் போனை நீட்டினாள். தங்கச்சி, நீ வேலை பார்த்த கொழும்பு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவள் போகிற பஸ் போய்விடும் என்று அவளே வாசித்தாள்: “துறைமுகக் கரையில், வசதியானவர்கள் வாழும் பகுதியில், அழகான வீடு. பராமரிப்பு வேலையே இல்லை.”

எனக்கு வந்ததே ஆத்திரம். வேலையே இல்லையாம்! அப்படியென்றால் பாவாடை கட்டிய வயதிலிருந்து கண் மூடும் வரைக்கும் நீ அங்கே என்னடி செய்துகொண்டிருந்தாய், தங்கச்சி? படமெல்லாம் போட்டிருக்கிறார்கள். பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் கப்பல். குசினிக்குப் பின்னால் நீ படுத்த அறையை மட்டும் காணோம்.

அந்த வீட்டை எங்களுக்கு ஒருமுறை காட்டு என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். தீபாவளிக்கு நீ வந்து திரும்பும்போதெல்லாம் என் மகள் உன் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். “சின்னம்மா, என்னையும் கூட்டிட்டுப் போங்க, கப்பல் பாக்கணும்.” நீ அசைய மாட்டாய்.

“அங்க என்ன இருக்கு? தண்ணிதான். காசல்ரீ டேமுக்குக் கூட்டிட்டுப் போக்கா, அங்கயும் தண்ணிதான் கெடக்கு.”

நான் விடுவேனா? “கொழும்புக்காரிக்கு எங்களக் கூட்டிட்டுப் போக வெக்கம்!”

“ஆமா, அப்படியே வச்சுக்க. டீய ஊத்து.”

அதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. அதுதான் எனக்கு எரிச்சல்.

உன் கருமாதி முடிந்ததும் அந்த வீட்டுக்கார நோனா போன் பண்ணினார். வீட்டை விற்கப் போகிறார்களாம், உன் சாமான்களை எடுத்துப் போகச் சொன்னார். எனக்குக் கொழும்பில் திசை தெரியாது, அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

உன் துணிகளைப் பையில் அடைத்துவிட்டு முன்பக்கம் வந்தால், இவள் கையில் ஈரத்துணி. ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“என்னடி பண்ற?”

“நோனாதாம்மா சொன்னாங்க. வீடு பாக்க ஆள் வருதாம். உப்புக் காத்து, தெனமும் படியுமாம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பல் நிற்கிறது. இவள் உப்புக் கறையைத்தான் பார்க்கிறாள்.

நோனா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து வைத்தார். “தங்கச்சி மாதிரியே நல்ல கை. படிப்பு முடிஞ்சதுதானே? விக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும். வாங்குறவங்களுக்கும் ஆள் வேணும்தானே.” சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

நீயும் அப்பாவோடு கப்பல் பார்க்க என்று இந்த வீட்டுக்குப் போனவள்தானே! ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

மகள் கையிலிருந்த துணியை வாங்கி ஜன்னல் படியில் வைத்தேன். “இல்லைங்க நோனா. இவ டீச்சர் படிப்புக்குப் போறா.”

“மீதியத் தொடச்சுட்டு வாறேனேம்மா,” என்கிறாள் இந்தப் பைத்தியம்.

“வேணாம். நட!”

ஏன்டி, இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் வலித்திருக்குமா? “இங்க வந்தா புள்ளைய வேலைக்கு நிப்பாட்டிருவாங்கக்கா” என்றால் எனக்கு விளங்காதா? தலைக்கனம் பிடித்தவள் என்று தோட்டத்து லயத்துச் சனம் பூராவும் உன்னைச் சொன்னது. நீ அதையும் கேட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாய். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றாயா? உடம்பு சரியில்லை என்பதையாவது அங்கே யாரிடமாவது சொன்னாயா? யாரிடம் கேட்பேன் இதை?

திரும்பி வரும்போது பஸ் கினிகத்தேனை தாண்டியது. மகள், “சின்னம்மா என்னையக் கூட்டிட்டுப் போகாதது நல்லதுக்குத்தான், என்னம்மா?” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் சேலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். உன்னோடு போட வேண்டிய சண்டை மட்டும் என்னிடமே இருக்கிறது. இறக்கி வைக்க இடமில்லை. கொழுந்து பறிக்கும்போதும் வாய் தன்னால் முணுமுணுக்கிறது. பக்கத்து நிரையில் நிற்கிறவள் இன்றைக்கும் கேட்டாள்.

“யாரக்கா ஏசுறீங்க?”

“என் தங்கச்சியத்தான்,” என்றேன்.