வாசலில் நின்றது நான்தான்

அனுப்புநர்:
நல்லம்மாள் (வயது 63), செல்லையாவின் மனைவி,
மூன்றாம் டிவிஷன் லயம், சுங்கை கெலாடி தோட்டம்,
கோல சிலாங்கூர்.

பெறுநர்:
விழாப் பொறுப்பதிகாரி அவர்கள்,
மாவட்டக் கலைவிழா, கோல சிலாங்கூர்.

பொருள்: பரிசு பெற்ற ‘வாசலில் ஒரு வீரன்’ குறும்படத்தில் வீரம் ஆள் மாறிப் போனது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜப்பான்காரன் காலத்துக் கதையான மேற்படி படம் சென்ற ஆண்டு கோலாலம்பூரில் முதல் பரிசு பெற்றதைத் தாங்கள் அறிவீர்கள். சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க வந்த சிப்பாயைக் கதாநாயகன் அறைந்து விரட்டுகிறார்; அவர் மனைவி மயங்கி விழுகிறார். அந்தக் கதாநாயகன் என் கணவராம். மயங்கியது நானாம். ஐயா, ஐந்து பிள்ளை பெற்றும் நான் ஒருமுறைகூட மயங்கியதில்லை.

2. நடந்தது இது. 1943இல் இரண்டு சிப்பாய்கள் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் அடுப்படி மூலையில் சாக்குக்குள் இருந்தார். ஒருவன் வாசலைத் தாண்டி, சாக்கைத் தூக்கக் கை நீட்டினான். நான் துடைப்பத்தால் அந்தக் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் பயம் வந்தது. அவன் துப்பாக்கியைத் திருப்பினான். “சாக்கிட்! சீக்கு! பேதி! கிட்ட வந்தா உனக்கும் ஒட்டிக்கும்!” என்று மலாயும் தமிழுமாகக் கத்தி, வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். அந்நேரம் சாக்குக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. பயத்தில் வந்ததுதான், ஆனாலும் பேதிக்குப் பொருத்தமாக இருந்தது. இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த முனகலுக்குரிய பெருமையை அவரிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. அன்று எங்கள் லயத்தின் மற்ற வீடுகளிலிருந்து பதினோரு பேரைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். இருவர்தான் திரும்பினார்கள்.

3. படம் எடுத்த தனபாலன் தம்பி கதை கேட்க வந்த நாளில் நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தேன். வந்து தேநீர் கலக்கிக் கொடுத்ததோடு சரி. தம்பி நல்லவர், கேட்டதை எடுத்தார். பரிசுக்குப் பின் என் கணவரை ஊர் ஊராகப் பேச அழைக்கிறார்கள். அசாம் ஜாவா ஊர்க் கூட்டத்தில் ஒருவனாக இருந்த சிப்பாய், செகிஞ்சானில் மூவரானான். கலும்பாங்கில் லோரி நிறைய வந்துவிட்டார்கள். விறகு பிளக்கச் சொன்னால், “அன்னிக்கு அடிபட்ட தோளு, வலிக்குது” என்கிறார். எந்த அடி என்று கேட்டால், அடுத்த கூட்டத்துக்கு வேட்டி தேடப் போய்விடுகிறார்.

4. இவற்றைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தோட்டத் திடலில் படம் பார்த்ததும், ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகள் லீலாவதி, “அம்மா, நீங்க மயங்கி விழுந்த சீன் ரொம்ப நேச்சுரல் லா!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை வெட்கப்படுத்த வேண்டாமென்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் வாய் திறக்காதது என் தவறு.

5. வரும் விழாவில் அந்தப் படத்தைத் திரையிட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக அழைப்பிதழ் வந்துள்ளது. தாராளமாகப் போர்த்துங்கள். படம் தொடங்குமுன், சிப்பாயை அடித்தது நல்லம்மாள் என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்ல வேண்டும். போன கூட்டத்தில் என்னைப் பலகாரத் தட்டுக்குக் காவல் வைத்தார்கள். இம்முறை முன்வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும்.

தாங்கள் நியாயம் செய்வீர்கள் என்று நம்பி, விழாவுக்குச் சேலை எடுத்து வைத்துவிட்டேன்.

இடம்: சுங்கை கெலாடி தோட்டம்
நாள்: 9.8.1987

இப்படிக்கு,
நல்லம்மாள் (இடது பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதியவன்: செல்லையா, கணவன். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. அன்று அங்கிருந்த சாட்சியும் நான் ஒருவனே. அனைத்தும் உண்மை.