தோளுக்குப் பின்னால் தெரிந்த வயல்

மஸ்கட்

அன்புள்ள ஜெயகுமாரிக்கு,

ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டிவலி குறைந்ததா?

கிடங்குப் படியில் கால் பிசகியதில் எனக்குச் சில நாள் ஓய்வு கிடைத்தது. வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

பாரிவாக்கம் வரலாற்றுக் கண்காட்சிக்கு ஏரிக்கரை வயல்களின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே நெல் விளைந்ததையே நம்ப மாட்டார்கள் என்று வருந்தினாயே. இனி அந்தக் கவலை வேண்டாம். ஏரிக்கரையில் எடுத்த நம் கல்யாணப் படத்தைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் உடனிருக்கும் முனியன் எட்டிப் பார்த்தான். அவனும் பாரிவாக்கம்தான்.

"அண்ணாத்தே, அண்ணி தோளாண்ட பாரு, எங்க கயனி! நைனா ஏர் ஓட்டிகினு கீறாரு!"

"கல்யாணப் படத்துல பொண்ண உட்டுட்டு கயனியப் பாக்குற?"

"பொண்ணத்தான் நீ தெனம் பாத்துகினு கீறியே!"

உண்மைதான். இத்தனை வருடமும் அந்த வயல் என் கண்ணில் படவில்லை.

அப்போதெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் மணமக்களைக் கரையில் நிறுத்தித்தானே எடுப்பார்கள்? வீடு வீடாகக் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்கு. ஊர் முழுவதும் அவற்றில் இருக்கும், சுவர் நிறைந்துவிடும்.

யாராவது இங்கே வந்தால் கருவாடு கொடுத்தனுப்பு. கண்காட்சியன்று எல்லோரும் பேசுகிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் படத்தைப் பெரிதாக்கும்போது, வயல் மட்டும் போதும் என்று நம்மை வெட்டிவிடாதே.

உன்
அமல்தாஸ்