ஆளுக்கொரு நேரம்

மார்ச் 3
அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை. அடுத்த மாதம் அக்காவும் கிளம்புகிறாள். அதற்குள் ஓர் ஆசையாம். "உன் வீட்டுல ஒரு தடவை நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வை. நீ தனியா கிடக்க மாட்டேன்னு தெரிஞ்சா நிம்மதியா போவேன்." சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மார்ச் 9
அக்காவின் பட்டியலில் நாலு பேர் பன்னிரண்டாகிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்தாலே நான் கதவைத் தேடுகிறவள்.

மார்ச் 12
பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது என் வேலை. அரை மணிக்கு ஒருவர் வருவார், போவார். கூட்டமே சேராது. விருந்துக்கு மட்டும் அது ஏன் ஆகாது? ஆளுக்கொரு நேரம் சொல்லிவிட்டேன். மாடி வீட்டுத் தையல்காரம்மாவுக்கு நாலு மணி, அத்தானின் நண்பருக்கு நாலரை, இப்படியே. என்னைவிடக் கெட்டிக்காரி உண்டா?

மார்ச் 15
இன்றுதான். டீ மட்டும் ஒழுங்காகப் போட வரும்.

மார்ச் 16
பல்லைப் பிடுங்கினால் எழுந்து போவார்கள். டீ கொடுத்தால் யார் போவார்கள்? நேற்று வந்த ஒருவரும் நகரவில்லை. கட்டிலில், ஜன்னல் ஓரத்தில், எங்கு பார்த்தாலும் ஆட்கள். தையல்காரம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "எனக்கு நாலு மணி, இவருக்கு ஆறு மணியா? நாங்க என்ன பல்லு புடுங்கவா வந்தோம்?" ஒரே சிரிப்பு. முகமெல்லாம் எரிய, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே அக்கா. தரையில், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு.

"தலைவலியாக்கா?"

"இல்லடி. கூட்டம். எனக்கு எப்பவுமே ஆகாது."

இவளா? வாராவாரம் வீடு நிறைய ஆட்களைக் கூட்டி, என்னையும் இழுத்து உட்கார வைத்தவளா?

"அப்புறம் எதுக்குக்கா இத்தனை வருஷமா—"

"உனக்காகத்தான். வேற எதுக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே யாரோ இன்னொரு டீ கேட்டார்கள். அவள் எழப் போனாள்.

"நீ உக்காருக்கா. நான் போறேன்."

போனேன். கடைசி ஆள் கிளம்பும் வரை வெளியிலேயே இருந்தேன். பிடித்ததா? இல்லை. ஆனாலும் இருந்தேன்.

ஏப்ரல் 8
அக்கா போய்விட்டாள்.

மே 2
தையல்காரம்மா வந்தார். அதிகம் பேசவில்லை. நன்றாக இருந்தது.

மே 20
அக்கா போன் செய்தாள். அங்கே அத்தானைத் தவிர அவளுக்கு யாரையும் தெரியாது. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக இருக்கிறாளாம். குரலில் சுகம் இல்லை. எனக்காக ஊரையே கூட்டியவள், தனக்காக ஒருவரைக் கூப்பிட மாட்டாளாம்.

"பக்கத்து வீட்டு அம்மாவை வரச் சொல்லுக்கா."

"பயமா இருக்குடி."

"இருக்கட்டும். கூப்பிடு. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நான் போன்லயே இருக்கேன்."