உள்பக்கத் தாழ்ப்பாள்

அடியே, இன்றைக்கு அடையாறில் ஒரு காலி வீட்டுக்குள் நின்றேன். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உன்னைத்தான் தேடினேன். அந்த வாசனை பட்டாலே வீட்டுக்காரி மாதிரி இடுப்பில் கை வைத்து ஒரு நடை நடப்பாயே, அது எனக்கு மட்டும்தானே தெரியும்.

அபிராமபுரத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஆற்றோரத்துக் குடிசைக்கு நாம் நேராகப் போனதே இல்லை. எங்கே டூலெட் போர்டு தொங்கினாலும் உன் கால் நின்றுவிடும். "எங்க வேலை வீட்டம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்று வாட்ச்மேனிடம் கூசாமல் அளப்பாய். எந்த அம்மா? அப்படி ஒருத்தி இருந்தால்தானே! அவரும் நம்பி, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பின்னால் வருவேன்.

மயிலாப்பூர் வீடு ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. கோயில், குளம், காய்கறிக் கடை எல்லாம் பக்கம். "நீ ஒரு நாளு மீனு வறுத்துப் பாரு. மறுநாளு நம்ம சட்டிபானை தெருவுல கீதா இல்லியா பாரு" என்றாய். உனக்குப் பிடித்தது தி. நகர். "தீபாவளிக்கு நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கே நாம லைன்ல நிக்கணும்டி" என்று நான் கிண்டல் செய்தால், "நிக்கலாமே, நாலு பேரு மூஞ்சியாவது தெரியும்" என்பாய். அடையாறு என்றால் எனக்கு உயிர். அந்த மரமும் நிழலும்! நீ உதட்டைப் பிதுக்குவாய். "இந்தத் தெருவுல யாரு கூடப் போய் சண்டை போடறது?"

கடைசியில் எந்த வாட்ச்மேனும் திறந்து காட்டாத வீட்டைத்தான் சர்க்காரில் நமக்குக் கொடுத்தார்கள். குடிசையை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் ஏற்றினார்கள். லிப்ட் ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகம். நீ உன் வீட்டுக் கதவைச் சாத்தவே மாட்டாய். "அடைச்சு வெச்ச மாதிரி கீதுடி" என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பாய். ஒரு மழைக்காலம்கூட நீ தாங்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நான் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். மகள், மாப்பிள்ளை, பிள்ளைகளோடு ஒரே அறை. பஸ் பிடித்து நான் ஊருக்குள் வருவதற்குள் வேலை வீட்டில் வேறு ஆள் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த அடையாறு வேலையைக் கேட்டுப் போனேன். வேலை கொடுக்கிற அம்மா தன் படுத்த படுக்கையான தாயாரோடு அங்கே குடி வரப் போகிறார். நான் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீ தங்கற ரூமை ஒருதரம் பாத்துட்டு வந்துடு" என்றார். பார், நம் பொய்யே நிஜமாகிவிட்டது!

சமையலறைக்குப் பக்கத்தில் அந்த அறை. ஜன்னல் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்ததாம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே நின்றபோது மூச்சு முட்டியது. எப்படி மறுப்பது என்று தெரியாமல், "உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தா வரேம்மா" என்று போனில் சொன்னேன். யார் இதற்கெல்லாம் செலவு செய்வார்கள், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மா கூப்பிட்டார். "ஆசாரி நாளைக்கே வரார். திங்கக்கிழமை வந்துடு." நான் விரித்த வலையில் நானே! "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் நீ காதுக்குள் கத்தினாய். "அறிவு கெட்டவளே, வெளித்தாழ்ப்பாளு?"

அந்தக் கூட்டத்தில் நின்றபடியே திரும்பப் போன் போட்டேன். "அம்மா, வெளியில கீறதைக் கழட்டிடச் சொல்லுங்க."

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"எனக்கு இன்னாம்மா, நான் எப்படியும் இருந்துப்பேன். என்கூட ஒருத்தி வர்றா. அவளை அடைச்சு வெச்சா ஆகாது."

"ரெண்டு பேருக்கெல்லாம் இடமில்ல!"

"சோறு, பாயி எதுவும் வேணாம்மா அவளுக்கு. வாய் மட்டும்தான் பெரிசு."

"சரி, கழட்டச் சொல்றேன்" என்றார்.