ஏரிக்கரையில் எதிரே வருகிறவர்

திங்கள், ஜூலை 8

தூறல். ஏரிக்கரையில் ஒரு சுற்றுதான். நான் எப்போதும் பிரதட்சிணமாக, கொள்ளேகால் அம்மா எதிர்த்திசையில். சுற்றுக்கு இரண்டு முறை எதிர்ப்படுவோம், ஆலமரத்தடியில் ஒன்று, பம்ப் ஹவுஸ் அருகே ஒன்று. ஆளுக்கு ஒரு வாக்கியம். நின்றால் நடை கெட்டுவிடும். இப்படியே வருஷக்கணக்கில் அவர் மருமகள் குணம், கொள்ளுப் பருப்புப் பக்குவம் எல்லாம் அத்துப்படி. பேர் மட்டும் தெரியாது, சொந்த ஊரை வைத்துத்தான் கொள்ளேகால் அம்மா. இருப்பதே ஒரு வாக்கியம், அதை வீணாக்குவானேன்?

இன்று ஆலமரத்தடியில்: "ஏனுங்க, பையன் ஓசூருக்கே வந்துருன்றான். ஞாயித்துக்கிழமை போறதாம். நீங்க என்ன சொல்றீங்க?"

பம்ப் ஹவுஸில் பதில் சொல்லலாம் என்று நடந்தேன். மழை கொட்டிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

செவ்வாய்

மழை விட்டது. துணி காய்ந்தது. ஏரி வாசலில் புதுப் பலகை: இனி எல்லோரும் ஒரே திசை. உள்பக்கம் நடக்கிறவர்கள், வெளிப்பக்கம் சைக்கிள். வாடகை சைக்கிள் கூட வந்தாயிற்று.

அவரைத் தேடி முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அவர் முதுகை நான் எங்கே கண்டேன்? முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டில் இவர், "அந்தம்மா பேரு என்ன, விசாரிக்கலாம்" என்றார். திருதிருவென்று விழித்தேன். சிரிக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன்

கரண்ட் பில். கொத்தமல்லி. ஆலமரத்தடி பெஞ்சில் வெயில் ஏறும்வரை காவல். அவர் வரவில்லை. ஒருவேளை போயே விட்டாரோ?

வெள்ளி

யோசித்தாயிற்று. "போங்க" என்றுதான் சொல்ல வேண்டும். தனி மனுஷி, பிள்ளை கூப்பிடுகிறான். அதுதான் நியாயம்.

தூக்கம் வராமல் பழைய நினைப்பு. காலேஜ் நாளில் இதே கரையில் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் ஓட்டினேன். அப்போது வெறும் மாட்டுத் தடம், இருபுறமும் தைல மரம். மழை விட்டதும் வருமே ஒரு வாசனை. இன்னொரு தடவை கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. இப்போது கல் பாவிவிட்டார்கள்.

சனி

நல்ல வெயில். வாடகை சைக்கிள் எடுத்தேன். ஹேண்டில் அப்படியும் இப்படியும் கோணிற்று, கால் மறக்கவில்லை. பின்னால் ஒரு பெண், "ஆன்ட்டி, ஹுஷாரு!"

பம்ப் ஹவுஸ் பெஞ்சில் கொள்ளேகால் அம்மா!

"முந்தாநேத்தும் இங்கியேதானுங்க குந்தியிருந்தேன், நீங்க வருவீங்கன்னு."

நான் ஆலமரத்தடியில், அவர் இங்கே. நல்ல கூத்து.

"போங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போகாதீங்க" என்று வந்துவிட்டது. கூடவே அழுகையும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமானெல்லாம் கட்டியாச்சுங்க. போறதுதான். ஆனா ஒருத்தராச்சும் போகாதேன்னு சொல்லோணுமல்லங்க."

கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். முதல் தடவை. இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை, அசடு மாதிரி இருந்தது.

"பழையபடி எதிர எதிர ஒருக்கா வந்துரலாமுங்க" என்று அவர் திரும்பி நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம். காவல்காரர் அவரைப் பார்த்து விசில் ஊது ஊதென்று ஊதினார். அவர் காதில் வாங்கவே இல்லை.

ஆலமரத்தடியில் எதிர்ப்பட்டோம்.

"எம்பேரு சரசுங்க."

"நான் வசந்தா."

நிற்கவில்லை.