ஸ்வீட்டி எழுதாத தாள்கள்

ஆகஸ்ட் 30, 2024, வெள்ளி

இருபத்திரண்டு பிள்ளைகளின் தாள்களைப் போர்ச்சுகலுக்கு அனுப்பியாயிற்று. ஸ்வீட்டியின் தாள் மட்டும் வரவில்லை.

அந்த ஊர்ப் பள்ளியோடு நாங்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு இது இரண்டாம் வருடம். படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று நாங்கள் பயப்படுகிற பிள்ளைகள், இந்த வாரம் எனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று வெள்ளிக்கிழமைதோறும் தங்கள் வார்த்தையில் எழுத வேண்டும். அங்கே இனேஷ் டீச்சர் படித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் பிரித்து அனுப்புவாள். மூன்று வாரம் தாள் வராவிட்டால் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் சிவப்பாகிவிடும். அப்போது நானும் சிஸ்டரும் வீட்டுக்கே போயாக வேண்டும். ஜூனிலேயே வகுப்பில் மிரட்டி வைத்திருக்கிறேன்: "மூணு வாரம் எழுதலேன்னா, நேரா உங்க அப்பா முன்னாடி வந்து நிப்பேன்!"

ஸ்வீட்டியின் அப்பா வெஸ்லிக்குச் சனத்நகர் பட்டறையில் இடுப்பில் அடியாம். அதனால்தான் வரவில்லை போலிருக்கிறது. பத்தாம் வகுப்பு வேறு. பாவம்.

செப்டம்பர் 6

இரண்டாவது வாரம். போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று ஸ்வீட்டியின் தாளை நானே எழுதி அனுப்பிவிட்டேன்.

காலையிலேயே சிஸ்டர் ஆரோக்கியமேரி கூப்பிட்டு, "கனகமணி, ஜனவரியில அவங்க நேர்ல வராங்க. எனக்கு ஒரு சிவப்பும் வேண்டாம்" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னால் சொன்னதுதான். "ஸ்வீட்டி வீட்டுல இருந்து எழுதி அனுப்பறா சிஸ்டர்" என்று வாய் கூசாமல் சொன்னேன். தசரா லீவு முடிந்தால் வந்துவிடுவாள். ஒரே ஒரு தாள்தானே?

அவளைப் போலவே தப்புத் தப்பான இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தது. இருபத்தாறு வருடமாக நான் திருத்திய தப்புகள். கை தானாக எழுதியது.

அக்டோபர் 18, வெள்ளி

தசரா முடிந்தது. வரவில்லை. நாலாவது தாளும் என் கையால்தான்.

இனேஷ் எழுதியிருக்கிறாள்: இந்தப் பெண் மெல்ல மனம் திறக்கிறாள், அவசரப்படுத்தாதீர்கள். அவளுக்கென்று பின்னக் கணக்கைப் படம் படமாகப் பிரித்து அனுப்பியிருக்கிறாள். எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள்! யாருக்காக?

பள்ளியிலிருந்து அந்த வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். ஏன் போகவில்லை கனகமணி? போனால் என்ன கேட்பாள் என்று பயம். போன மாதமே போயிருந்தால் பயமே இருந்திருக்காது. நாளைக்குப் போகிறேன்.

நவம்பர் 22

போகவில்லை.

அமீர்பேட்டில் மெட்ரோ மாறும்போது காதருகில் அவள் குரல். 'எல்லோரும் சிரிக்கும்போது எனக்கு மட்டும் புரியவில்லை என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது.' திரும்பிப் பார்த்தேன். கோச்சிங் கிளாஸ் பையன்களின் கூட்டம். இதை ஸ்வீட்டி எப்போதும் சொன்னதில்லை. நான் எழுதினேன், மூன்றாவது தாளில். உண்மையான ஸ்வீட்டியின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 13

சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். "யார்கிட்ட பேசிட்டிருக்கே?" என்றார் என் வீட்டுக்காரர் எட்மண்ட். நான் பேசினேனா?

ஜனவரி 21, 2025, செவ்வாய்

இனேஷ் வந்துவிட்டாள். என்னைவிடக் குள்ளம். மாலை போட்டு முடிப்பதற்குள், "ஸ்வீட்டி எங்கே?" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நாளைக்கு வருவாள் என்றேன்.

பள்ளி விட்டதும் ஆட்டோ பிடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே கட்டிலில் வெஸ்லி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போகிறாளாம், அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் இவள்தான்.

"கைக்கு மிஸ் வந்தீங்க இப்போ?" என்றாள். இந்த ஊர் இந்தியில் ஏன் என்று கேட்கும்போதுகூடக் கோபமில்லை.

தாள்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வேணும்னுதான் எழுதல மிஸ். மூணு வாரம் எழுதலேன்னா வீட்டுக்கு வருவோம்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்கூலுக்கு அனுப்புங்கன்னு நான் சொன்னா அப்பா கேக்க மாட்டார். சிஸ்டர் சொன்னா கேப்பார். மூணாவது வாரம் முடிஞ்சதும் தலை வாரிட்டு, வீட்டைப் பெருக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அடுத்த வாரமும் உக்காந்திருந்தேன்."

ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன். அந்தப் பிள்ளை கூப்பிட்டிருக்கிறது. அந்தச் சத்தம் யார் காதிலும் விழாமல் வாரா வாரம் உட்கார்ந்து அமுக்கியிருக்கிறேன், நானே, அவள் பெயரிலேயே.

ஜனவரி 22

இனேஷிடமும் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். இனேஷ், தான் அனுப்பிய பாடங்களையெல்லாம் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டாள்.

மூன்று பேரும் போனோம். சிஸ்டர் பேசினார். வெஸ்லி படுத்தபடியே கேட்டார்: "முன்னாடியே வந்திருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா சிஸ்டர்? ஸ்கூல்லயே இவளைக் கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

இந்த வருடப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது.

பிப்ரவரி 3

திட்டம் இனி கலேப் சாரின் பொறுப்பு. எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு மட்டும். சிஸ்டர் இத்தோடு விட்டது பெரிது.

மார்ச் 21, வெள்ளி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போயிருக்கிறார்கள். நான் இன்னும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் பேனாவை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 5, சனி

ஸ்வீட்டி ஓபன் ஸ்கூலில் சேர்ந்து இது மூன்றாவது சனிக்கிழமை. எங்கள் பள்ளியில்தான் வகுப்பு. அவள் வரும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, சிஸ்டர் சொல்லி சர்ச்சிலிருந்து ஒருவர் போகிறார். தனக்கு எந்த டீச்சர் வேண்டும் என்று பிள்ளைகளே எழுதித் தரலாம். அவள் கலேப் சார் பெயரை எழுதினாள். என்னை இப்போதெல்லாம் 'மேடம்' என்கிறாள். சின்ன வகுப்பிலிருந்து 'மிஸ்' என்று கூப்பிட்டவள்.

இன்று வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே நான் மட்டும்தான். கலேப் சார் கிளம்பிவிட்டார் என்றேன்.

தலையாட்டினாள். "ஹவ், தெரியும் மேடம். உங்ககிட்டதான். அடுத்த சனிக்கிழமை நான் வரமாட்டேன், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்." போகத் திரும்பினவள் நின்றாள். "நீங்க எழுதிடாதீங்க."

சரி என்றேன்.